காலண்டரில் வந்த நம் கொல்லை

ஜமுனாமரத்தூர் தபால்
12.1.1984

அன்பு மகன் ராஜாக்கண்ணுவுக்கு அப்பா வேடியப்பன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சாமி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பம்பாயில் நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுதவும். உன் தங்கை திரௌபதிக்கு இது ஏழாம் மாதம், படவேட்டிலிருந்து அழைத்து வந்துவிட்டோம், புளிப்பாகவே கேட்கிறாள், நல்லவேளை இந்த வருஷம் புளி காய்ப்புக்குக் குறைவில்லை. அண்ணனுக்கு எழுதினால் நான் கேட்டதாக எழுதுங்கள் என்றாள், எழுதிவிட்டேன்.

நீ அனுப்பிய காலண்டர் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். நம் கொல்லை நமக்குச் சொந்தமா காட்டு இலாகாவுக்கா என்று விசாரிக்க, கடந்த திங்கட்கிழமை அதிகாரி ஜமுனாமரத்தூர் வந்திருந்தார். எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறாய், அதற்கு என்ன அத்தாட்சி என்பதுதான் கேள்வி. நம்மிடம் காகிதம் ஏது, என் பாட்டன் வைத்த புளியமரம்தான் இருக்கிறது, அது எழுந்து வந்து சாட்சி சொல்லுமா. அன்று காலையில்தான் தபால்காரர் உன் பார்சலைக் கையில் கொடுத்தார். ஜனவரி மாதத்துக்கு நம் கொல்லையைத்தான் போட்டிருக்கிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன், சுருளைப் பிரிக்கவில்லை, கை அழுக்கு படப் போகிறதே என்று அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன். பெருமை தலைக்கேறியிருந்தது. விசாரணைக்கு வந்த மற்றவர்கள் வெறுங்கையோடு நிற்க, நான் மட்டும், என் புள்ள போட்ட படம் கீதுங்க, நீங்களே பாருங்க என்று மேசை மேல் விரித்தேன்.

நெல்லிமரம் இருந்தது, பின்னால் மலை நீலநீலமாய் அடுக்கடுக்காய் இருந்தது, சாமை விளையும் கொல்லையைப் புல்தரையாக்கியிருந்தாய். வீடு இல்லை. வீடு இருக்கும் இடத்தில் வெள்ளைவெளேரென்று பனி. ஓரத்தில் உன் பெயர், 1981 என்று வருஷம். அடியில் நீ சொன்னதாக அச்சடித்திருந்ததை அதிகாரி எல்லோருக்கும் கேட்கப் படித்தார், மனிதர் காலடி படாத இயற்கையிடம்தான் நான் வண்ணம் கற்றேன் என்று. இன்னாய்யா, மூணு வருசத்துக்கு முன்ன உன் புள்ள பாத்தப்போ வூடே இல்லியே, அப்புறமா போட்ட கொட்டாயா இது என்று கேட்டார். அவர் மேல் குற்றமில்லை, கண்ணில் பட்டதைக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், நான் காலண்டரைச் சுருட்டி மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

நீ தெரியாமல் விட்டுவிட்டாய் என்று நினைக்க எனக்கும் ஆசைதான், முடியவில்லை. அந்த வருஷம் நீ வந்திருந்த மூன்று நாளும் எதிர்ப் பாறையில் உட்கார்ந்து வரைந்தாயே, அந்த வீட்டில் பொங்கிய சோற்றைத்தானே உன் அம்மா மேடேறி உனக்குக் கொண்டுவந்தாள். தண்ணீர் வண்ணத்தில் வெள்ளை பூசுவதில்லை அப்பா, வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் வேலை என்று எனக்கு விளக்கினவனும் நீதான். அப்படியென்றால் அது கைதவறி வந்த வெள்ளை இல்லை, பார்த்துப் பார்த்து விட்டது. புல்வேய்ந்த கூரை உன் படத்துக்கு அசிங்கமா, காட்டான் மகன் என்று அங்கே யாராவது சொல்லிவிடுவார்கள் என்று வெட்கமா, எனக்கு விளங்கவில்லை. மழை விட்டதும் மலை எப்படி நிறம் மாறுகிறது என்று சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்தது அந்த வீட்டு வாசலில் நின்றுதானே. காலடி படாத இடமாம், வந்து உன் அம்மாவின் பாத வெடிப்பைப் பார்.

அவளோ காலண்டரைச் சுவரில் மாட்டச் சொல்லி, அந்த வெள்ளை மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலைப் பனி வூட்ட மூடிக்கினு கீதுங்க, கொஞ்சம் பொறுத்துப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், புள்ளைக்கு இன்னா அவசரமோ என்றாள். 

விசாரணையை முப்பதாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கண்காட்சி என்றால் எந்த ஊருக்கும் ரயிலேறுகிறாய், இதற்கும் ஏறு. அதிகாரி முன்னால் நின்று, வீடு இருந்தது, நான்தான் விட்டுவிட்டேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அதனால் உன் பெயருக்குக் குறைவு வரும் என்றால் உன் இஷ்டம், நான் கெஞ்ச மாட்டேன். நீ வராவிட்டால் எங்களைக் கீழே இறக்கிவிட்டு அங்கே மரக்கன்று நட்டுவிடுவார்கள். அப்புறம் நீ போட்ட படம் சரியாகிவிடும்.

கோபத்தில் எழுதினாலும் பெற்ற மனம் சபிக்காது, குலசாமி உன்னையும் மருமகளையும் காக்கட்டும். கண்ணுக்கு வேலை அதிகம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடாதே. போளூரிலிருந்து காலையில் மலைக்குப் பஸ் உண்டு. முப்பதாம் தேதி, திங்கட்கிழமை.

இப்படிக்கு,
உன் அப்பா,
வேடியப்பன்