இடது பக்கத்து உள்பை

லெம்வி,
நவம்பர் 3

அன்பு மகன் லௌரிட்ஸுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். கடற்காற்றில் ஈரம் ஏறியதிலிருந்து முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுகிறது. கோபன்ஹேகனில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் உனக்கு வேறு யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ அனுப்பிய, உன் கம்பெனிக் கோட்டுகளின் விளம்பரப் புத்தகம் வந்து சேர்ந்தது. சாம்பல் நிற அட்டை, பக்கத்துக்கு ஒரு கோட்டு, மற்ற இடமெல்லாம் வெள்ளை. எதிர்வீட்டு யூத்தெ காபிக்கு வந்தவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாதிப் பக்கத்துல அச்சடிக்கவே மறந்துட்டாங்களாடி?" என்று கேட்டாள். அந்த வெள்ளைக்குத்தான் விலையே என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை.

பன்னிரண்டாம் பக்கத்தில் உன் அப்பா நிற்கிறார். கீழே கோட்டின் பெயராக அவர் பெயரே, ‘ஆக்ஸல்’. உன் அத்தை துறைமுகத்தில் எடுத்த படம் அது. அன்றைக்கு அவர் கோட்டில் பொத்தான் அறுந்து தொங்கியது. நான் பக்கத்தில் நின்று, ஒரு கையை அவர் நெஞ்சில் ஊன்றிக்கொண்டு, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். உன் புத்தகத்தில் அவர் மட்டும் இருக்கிறார். நான் இல்லை. பின்னால் இருந்த மீன்பெட்டிகள் இல்லை. நீலத்துணி கிடைக்காமல் முழங்கையில் நான் போட்ட பச்சை ஒட்டும் இல்லை. என் கை இருந்த இடத்தில் துணி வழவழவென்று இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன், ஒரு விரல்கூட மிச்சமில்லை. சுத்தமான வேலை என்று உன் ஆட்களிடம் சொல்.

படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாயே, "தேவைக்கு மேல் எதுவும் இல்லை. என் அப்பா அப்படித்தான் வாழ்ந்தார்" என்று, அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. காபிக்கு மூன்று சர்க்கரைக்கட்டி போட்டுக்கொண்ட மனிதர் அவர். கோட்டுக்குச் சிவப்பு உள்துணிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடையில் வாங்க வழியில்லாமல் என் கிறிஸ்துமஸ் பாவாடையை வெட்டித்தான் வைத்தேன். வீட்டில் நாற்காலி குறைவாக இருந்தது எங்கள் ரசனை இல்லை, லௌரிட்ஸ். வாங்க முடியவில்லை, அவ்வளவுதான். எங்கள் இல்லாமைக்கு நீ அழகு என்று பெயர் வைத்திருக்கிறாய்.

துணியைக் குறை சொல்ல மாட்டேன். நீ அப்பாவுக்குக் கொடுத்த கோட்டைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்திருக்கிறேன். ஹெர்னிங் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் கோட்டுப் பை மட்டுமே தைத்தவள் நான், என்னை ஏமாற்ற முடியாது. நல்ல கம்பளி, நேரான தையல், தோளில் ஒரு சுருக்கம் இல்லை. முப்பது வருஷம் உழைக்கும். தரத்தில் நீ யாரையும் ஏய்க்கவில்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பதினான்காம் தேதி திறக்கிற புதுக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட அப்பாவின் பழைய கோட்டு வேண்டும் என்கிறாய். கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். அதற்கு முன் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூடாது என்றுதான் இரண்டரை வருஷமாக இருந்தேன்.

உன் முதல் கோட்டைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். ஹெர்ரிங் மீனும் கறுப்பு ரொட்டியும் வைத்திருந்தேன். நீ சாப்பிடாமல் உன் கம்பெனியின் திங்கட்கிழமை வழக்கத்தைப் பற்றியே பேசினாய். எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கோட்டை நடுவில் போடுவீர்கள். இதிலிருந்து இன்னும் எதை எடுக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொல்லியே தீர வேண்டும், இல்லையென்றால் காபி கிடையாது. அப்படித்தான் காலர் பட்டி போனது, கைப்பொத்தான் போனது. அப்பா கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இடது கையால் ஓரத்தை விலக்கி, வலது கையை உள்ளே விட்டுத் தேடினார்.

"உள்பை எங்கடா?"

"எடுத்தாச்சுப்பா. அதுல ஏதாவது வச்சா நெஞ்சுப் பக்கம் புடைக்குது, கோட்டோட அழகே கெட்டுப்போகுது."

"அப்ப கிழவன் எல்லாம் எதை எங்க வைக்கிறதாம், வாயிலயா?"

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். கடைசியில் அவர் கண்ணாடி முன் நின்று, "பரவாயில்ல" என்றார். நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரயிலேறினாய். கோபன்ஹேகனில் பத்து வருஷம் இருந்ததில் உனக்கு நம் ஊர்ப் பேச்சே மறந்துவிட்டது. இந்தப் பக்கத்து ஆண்பிள்ளை வாயில் அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது என்று நீ அறியாதவனா? எங்கள் கல்யாணத்தன்று என்னைப் பார்த்தும் அதைத்தான் சொன்னார்.

நீ போன மறுவாரம், மார்ச் மாதம், வெயில் அடித்த ஒரு காலை. உன் கோட்டைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினார். அங்கே பனிக்கட்டிக் கிடங்குக்குப் பக்கத்தில் அவருடைய கூட்டாளிகள் காபி குடிக்க உட்காருவார்களே, அவர்களிடம் காட்டத்தான். வாயால் சொல்லிக்கொள்ளத் தெரியாத மனிதர், உடுத்திக் காட்டப் போனார். நெஞ்சுவலி மாத்திரை டப்பா எப்போதும்போல் பழைய கோட்டின் உள்பையில், நடைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாத்திரையை எடுத்துக்கொண்டாரா என்று கேட்டேன்.

"எங்க வைக்கிறது? கால்சட்டையில போட்டா கோட்டு தூக்கிக்கும். பையன் பாடுபட்டு செஞ்சிருக்கான், அதை நான் கெடுக்கணுமா? அரை மணி நேரத்துல வந்துடுவேன்."

நான் விட்டுவிட்டேன். என் கைப்பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போயிருக்கலாம். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து காபி குடிக்கும்போது அவர் கூட்டாளி ஸ்வென் என்னிடம் தனியாகச் சொன்னான். துறைமுகத்தில் விழுந்ததும் ஆக்ஸல் கோட்டுக்குள் கையை விட்டு விட்டு எடுத்தானாம். நெஞ்சைப் பிடிக்கிறான் என்று நினைத்தார்களாம். மாத்திரை ஆரம்பித்த நாலு வருஷமும் அந்தக் கை எதைத் தேடிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

மாத்திரை கையில் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது உண்மையாகவே இருக்கலாம். உன்மேல் பழி போடவும் இதை எழுதவில்லை. பழி என்று வந்தால் உருளைக்கிழங்கு உரித்தவளுக்கும் பங்கு உண்டு. சாகும்வரை சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் நீ அவர் பெயரையே ஒரு கோட்டுக்கு வைத்திருக்கிறாய். அளவுகளும் விவரமும் போட்ட கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அதிலும் உள்பை இல்லை.

பழைய கோட்டை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். பச்சை ஒட்டைப் பிரிக்க வேண்டாம். சலவைக்கும் போட வேண்டாம். கண்ணாடிக்குள் தொங்கவிடுவதானால் முன்பக்கத்தைத் திறந்துவிடு, சிவப்பு தெரியட்டும். திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை. அந்தப் படத்தில் இல்லாதவள் அங்கே வந்து யார் என்று சொல்லிக்கொள்வது? யாராவது கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லிவிடு, அது பொய்யில்லை.

கோட்டைப் பெட்டியில் மாட்டுவதற்கு முன், ஆட்கள் யாரும் இல்லாத நேரத்தில், ஒரு தடவை போட்டுப் பார். இடது பக்கம் உள்ளே கையை விடு. டப்பா அங்கேயே இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மேஜையைச் சுற்றி உட்காரும்போது, அம்மா ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள் என்று அவர்களிடம் சொல். ஒரு கை அகலம், பதினைந்து சென்டிமீட்டர் ஆழம். தைக்கத் தெரியாவிட்டால் துணியை இங்கே அனுப்பு, என் கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

உனக்கும் வருகிற மாதம் நாற்பது முடிகிறது. உன் அப்பாவுக்கும் அவருடைய அப்பாவுக்கும் நெஞ்சில் வந்ததுதான் உனக்கும் வரும் என்று இல்லை. ஆனாலும் போய் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடு. அவர் மாத்திரை கொடுத்தால் கோட்டு புடைக்கிறதே என்று பார்க்காதே. புடைத்துக்கொண்டு, பார்க்கச் சகிக்காமல், நீ நெடுநாள் நடமாட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா
எல்செபெத்