லேபிள் ஒட்டாத பாட்டில்

நெய்வேலி,
14.2.1999

அன்புள்ள நித்யா,

டேராடூன் குளிரில் நீ நடுங்காமல் இருக்க வேண்டும். உனக்காகப் பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டரில் இரண்டு வருடமாக ஒரு கைதான் முடிந்திருக்கிறது, திட்டாதே. அதற்குப் பதில் உன் தம்பி கிளமென்ட்டிடம் ஒரு கண்ணாடி பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். அது தலைகீழாகவே இருக்கட்டும். மூடிப்பக்கம் தண்ணீர் நிற்கிறது. அதற்கு மேலே காலியாகத் தெரிவதுதான் சரக்கு. பக்கத்தில் சிகரெட் பிடிக்கமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. அவருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். கொடியில் போட்ட துணியில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து, துவைத்ததையே மறுபடி துவைக்கிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குத் தயிர் கொண்டுவரும் அம்மா, அவர் வயல் போர்வெல்லைப் பற்றிப் போன மாதம் சொன்னார். "தண்ணியோட குமிழு குமிழா வந்துகினே இருக்குதும்மா. எங்க வூட்டுக்காரரு பக்கத்துல பீடி பத்த வச்சாரு, பாதி மீசை போயிடுச்சு" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் வேலையே ஓடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புனல், சுண்ணாம்பு நீர், பாட்டில்களோடு அவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

போர்வெல் தண்ணீர் விழும் தொட்டியில் குமிழி வரும் இடத்தில் புனலைக் கவிழ்த்து, உள்ளே இருந்த காற்று போகும்வரை காத்திருந்து, முனையில் தீக்குச்சி காட்டினேன். வெயிலில் தீயே கண்ணுக்குத் தெரியவில்லை. கையை மேலே நீட்டியபோதுதான் சுட்டது! குளிர்ந்த டம்ளரைக் காட்டினேன். கரி இல்லை, முத்து முத்தாகத் தண்ணீர். சதுப்பில் ஊறும் மீத்தேன் எரிந்தாலும் தண்ணீர் வரும், தெரியும். ஆனால் அதில் கரியமில வாயுவும் வந்திருக்குமே, டம்ளரில் ஊற்றிய சுண்ணாம்பு நீர் பால்போல் ஆகவில்லையே! பூமிக்குள் ஹைட்ரஜன் தனியாகத் தங்காது என்றுதானே நாம் படித்தோம்? மூன்று மாதமாகக் குமிழி குறையவில்லையாம். கீழே எங்கே உண்டாகிறது? எடுக்க எடுக்க ஊறுமா? புகையில்லாமல், சாம்பலில்லாமல் ஒரு மின் நிலையம் ஓடினால் எப்படி இருக்கும்! எனக்குத் தூக்கமே வரவில்லை, நித்யா.

நான் துள்ளியதைப் பார்த்து அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப இதுக்கும் நெலத்த அளக்க வருவாங்களாம்மா?" அவர் பிறந்த வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. இப்போது இருப்பது இந்த ஒன்றரை ஏக்கர்தான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். உனக்கு எழுதுவதே பாதி வாக்கை மீறியதுதான். மனசு உறுத்துகிறது, ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

இடம், ஆழம், தேதி இல்லாத பாட்டிலை வாங்கமாட்டேன் என்று இங்கே ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக ஆட்களைத் திருப்பி அனுப்பியவள் நான். அந்த வாயுவைப் பிடித்து உனக்கு அனுப்பும் பாட்டிலில் லேபிள் இல்லை. எந்த ஊர் என்று கேட்காதே, நீ கேட்டால் சொல்லிவிடுவேன்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்து, முடிவை என் ஆபீசுக்கு அனுப்பாதே, வீட்டுக்கு எழுது. ஹைட்ரஜன் இல்லை என்று வந்தால் நான் அழுவேன், அந்த அம்மா நிம்மதியாகத் தூங்குவார். எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. உன் ஜெபத்தில் அந்த ஒன்றரை ஏக்கரையும் சேர்த்துக்கொள். ஊர் பெயர் சொல்லாவிட்டாலும் உன் ஆண்டவருக்குத் தெரியும்.

உன் பதிலுக்குப் பயந்தபடியே காத்திருக்கும்,
தமயந்தி