ஆப்பாவுக்கு ஒரு நாடு இருந்தது

ஆப்பா, இன்று லிஃப்ட் கதவு திறந்ததும் கடுகெண்ணெய் வாசம் அடித்தது. எட்டாம் மாடிக்கு உங்கள் நாட்டு ஆட்கள் யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்களாம். நீங்கள்தான் மீன் பொரிக்கிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வர, இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன்.

அக்கா என்றால் எங்களுக்கு ராத்தா, உங்களுக்கு ஆப்பா. ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு, வெக்ஸ்போர்டில் இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் குளிரில் என் கதவைத் தட்டியது நீங்கள்தான். நம் இருவரின் உடைந்த இங்கிலீசில் உங்கள் கதை விளங்க எனக்கு நாளெடுத்தது. வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில் பிறந்து, பாகிஸ்தானில் பள்ளிக்கூடம் போய், வங்காளதேசத்தில் பிள்ளை பெற்றீர்கள். வீடு மட்டும் மாறவேயில்லை! மூன்று நாடு, ஒரே வீடு: வீட்டுக் கணக்கு எழுதிப் பழகின எனக்கே அந்தக் கணக்கு இடித்தது.

"வாப்பா பாகிஸ்தான் வேண்டுமென்று கொடி பிடித்தவர். தம்பி அதே கொடியை இறக்கப் போய்ச் செத்தவன். இரண்டு பேரும் ஐந்து வேளை தொழுதவர்கள்," என்றீர்கள். "முஸ்லிம் என்றால் போதும், ஒரே நாடு என்று நம்பினோம். பிறகு எங்கள் வங்காளப் பேச்சையே வேண்டாம் என்றார்கள்."

உங்கள் மொழிக்காக இறந்தவர்களுக்குப் பூ வைக்க, மாசிக் குளிரில் உங்களோடு ஒரு மண்டபத்துக்கு வந்தேன். எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். நானும் கழற்றினேன். என் முக்காட்டைப் பார்த்து ஒரு பெரியவர், "பாகிஸ்தானா?" என்று முறைத்தார். "இல்லை, தமிழ்," என்றீர்கள். உடனே முகம் மலர்ந்து என் கையில் பூவைத் தந்தார்.

எனக்கு நெஞ்சு எரிந்தது, ஆப்பா. முஸ்லிம்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போங்கள் என்று துவக்கோடு வந்த இயக்கத்துக்காரர் ஒலிபெருக்கியில் எங்களுக்குத் தமிழில்தான் சொன்னார்கள். உங்கள் பேச்சு உங்களுக்கு நாடானது. என் பேச்சு என்னை ஒரு வீட்டில் இருத்தக்கூடப் போதாமல் போயிற்று.

இங்கே தமிழ்க்கடைத் தம்பி, "அக்கா முஸ்லிம் எல்லோ? தமிழ் வடிவாக் கதைக்கிறியள்!" என்றதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "நீயும் மோசமில்லை, தம்பி என்று சொல்லியிருக்கலாமே!" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்க உங்களுக்கு ஒரு நாடு இருந்தது.

நீங்கள் மவுத்தானதும் மகன் மையித்தை ஊருக்கே கொண்டுபோனார். தம்பியின் கபுறுக்குப் பக்கத்தில் அடக்கமாம். அழுதேன், அல்லாஹ் அறிவான். அழும்போதே பொறாமையும் பட்டேன். யாழ்ப்பாணத்திலேயே விட்டுவந்த என் வாப்பாவின் கபுறடியில் நின்று ஒரு ஸலாம் சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

தொழுதபின் உங்களுக்காக துஆக் கேட்கிறேன். ஓதுவது அறபு, கேட்பது யாழ்ப்பாணத் தமிழ். பொறாமை இன்னும் போகவில்லை, ஆப்பா. அதையும் அந்தத் தமிழிலேயே அல்லாஹ்விடம் சொல்கிறேன்.