டாக்டர் பேசின கேசட்டு, நீ போய்ச் சொன்ன சேதி

எனக்கு அப்பா இடத்துல இருந்த அண்ணாவுக்கு,

உன் கருமாதி முடிஞ்சுடுச்சு. நல்ல கூட்டம். ரேடியோ ரிப்பேருக்குக் கொடுத்தா நியாயமா செஞ்சு தருவாரு, தங்கச்சியைப் பெத்த தாய் மாதிரி பார்த்துகினாருன்னு எல்லாரும் வாயாரச் சொல்லிட்டுத்தான் போனாங்க. அண்ணிக்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. கடையை இன்னும் திறக்கலை.

நானும் அழுதேன் அண்ணா. கருமாதி அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அழுதேன். அதுக்கப்புறம் அழுகை வரலை. ஏன்னு சொல்றேன், கேளு. இப்ப நீ குறுக்கே பேச முடியாது இல்லையா?

வேலூர்ல இதய டாக்டர்கிட்ட நான் டைப்பிஸ்ட்டா இருந்தேனே, ஞாபகம் இருக்கா? நோயாளியைப் பார்த்து முடிச்சதும் அவரு ரிப்போர்ட்டை கேசட்டுல பேசி வெச்சுடுவாரு. நான் அதைக் கேட்டு டைப் அடிக்கணும். மனுஷன் வெத்தலையை வாயில போட்டுகினேதான் பேசுவாரு. பாதி இங்கிலீஷ் வெத்தலையோட போயிடும், மீதியை மேல ஓடுற ஃபேன் தின்னுடும். புரியாத இடத்தைக் காலியா விட்டு, பென்சில்ல புள்ளி வெச்சு, அவரையே கேக்கணும். இதய விஷயத்துல குத்துமதிப்பா அடிக்க முடியுமா? ஆனா கேக்கப் போனா, "இதுகூட புரியலைன்னா நீ என்னாத்துக்கு?"ன்னு எரிஞ்சு விழுவாரு. புள்ளி ஜாஸ்தியானா வேலை போயிடும்னு எனக்கு பயம்.

அதான் கேசட்டை எடுத்துகினு, கண்ணமங்கலம் வழியா பஸ் பிடிச்சு, நேரா ஆரணியில உன் கடைக்கு வருவேன். நீ டேப் ஹெட்டை ஸ்பிரிட்டுல துடைச்சு, இரைச்சலைக் குறைச்சு, சக்கரத்தை விரலால லேசா அழுத்திப் பேச்சை மெதுவா ஓட விடுவே. உனக்கு இங்கிலீஷ் வராது, ஆனா காதுல விழுந்த சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்லுவே. நீ சத்தத்தைச் சொல்ல, நான் வார்த்தையைப் பிடிக்க, காலி இடம் ஒவ்வொண்ணா நிரம்பும். கடைக்கு வந்தவங்க நம்ம ரெண்டு பேரையும் பார்த்து சிரிப்பாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்த காலம் வேற இல்லை. அதை நினைக்கவே இப்ப கசக்குது.

ஒரு நாள் கேசட்டுல விஜயா பேர் வந்துச்சு. நம்ம ஊர் சாயப்பட்டறைக்காரர் பொண்ணு. வந்தவாசி வாத்தியார் மாப்பிள்ளையோட நிச்சயம் ஆகியிருந்தது. ஆரணியில யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் அவளை வேலூருக்குக் கூட்டிகினு வந்திருக்காங்க. டாக்டர் முணுமுணுத்த ஒரு வரி மட்டும் பிடிபடவே இல்லை. நீதான் திரும்பத் திரும்ப ஓட்டினே. கடைசியில புரிஞ்சுது. வால்வு சுருங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணாம மாசமானா உடம்பு தாங்காது. "என்னம்மா சொல்றாரு?"ன்னு கேட்டே. சொன்னேன். உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்?

கொஞ்ச நாள்லயே அந்த நிச்சயம் முறிஞ்சுது. விஜயாவோட அப்பா டாக்டர்கிட்ட வந்து, "எங்க ஊர்க்காரிதானே இங்க டைப் அடிக்கிறா, அவதான் ஊதிவிட்டா"ன்னு கத்தினாரு. டாக்டர் ஒரு வார்த்தை விசாரிக்கலை, அன்னிக்கே என்னை அனுப்பிட்டாரு. வீட்டுக்கு வந்து உன்னைத்தான் முதல்ல கேட்டேன். நீ சூடத்தை ஏத்தி, கையால அடிச்சு அணைச்சு, சத்தியம் பண்ணினே. "டாக்டர்கிட்ட இருக்கிற அந்தக் கம்பவுண்டர்தான் உளறியிருப்பான்மா"ன்னே. நம்பினேன். அந்த மனுஷனை எத்தனை வருஷமா திட்டியிருப்பேன், பாவம்.

அப்புறம் அதே மாப்பிள்ளை வீட்டுல என்னைக் கேட்டு வந்தாங்க. நான் மாட்டேன்னேன். "தானா வர்ற வரனை விடலாமா?"ன்னு நீ கெஞ்சினே. அப்பா இல்லாத வீடு, உன் பேச்சைத் தட்ட முடியலை, கழுத்தை நீட்டிட்டேன். மாப்பிள்ளையைப் பிடிக்கத்தான் நான் ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்தேன்னு ஊரே பேசுச்சு. அதுலேர்ந்து ஆரணிக்கு வந்தா நான் சாயப்பட்டறைத் தெருப் பக்கம் போறதில்லை.

கருமாதி அன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு காபி குடிச்சுகினே உன் பெருமையைப் பேசிகினு இருந்தாரு. "உங்க அண்ணன் அன்னிக்கு வந்தவாசிக்கு வந்து சொல்லலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்? நீதானே சொல்லி அனுப்பினே"ன்னாரு.

"நானா?"ன்னு கேட்டேன்.

"ஆமா. என் தங்கச்சிக்கு மனசு கேக்கலை, அவதான் சொல்லச் சொன்னான்னு எங்க அப்பாகிட்ட சொன்னாரே. அந்த நல்ல மனசைப் பார்த்துத்தான் அப்பா உன்னையே எடுக்கணும்னாரு."

இத்தனை வருஷமும் அவரு அதுக்காகவே என்னை மெச்சிகினு இருந்திருக்காரு. நான் யாரையும் அனுப்பலைன்னு சொன்னேன். "சரி விடு, போனவரைப் பத்திப் பேசாத"ன்னுட்டாரு.

ஏன் அண்ணா? என் கல்யாணக் கவலையா? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியணும்னு உனக்கே தோணுச்சா? அப்படின்னா உன் பேர்லயே சொல்லியிருக்கலாமே. உன் வாயால போனதை என் தலையில ஏன் கட்டினே? வேலை போய் நான் மூலையில உட்கார்ந்து அழுதப்போ, பக்கத்துல உட்கார்ந்து சோறு ஊட்டினியே, அப்பகூட சொல்லணும்னு தோணலையா? எனக்கு நீ பண்ணினது துரோகம். இந்த வார்த்தையை உனக்கு எழுதுவேன்னு நான் கனவுலகூட நினைச்சதில்லை.

விஜயாவுக்கு அப்புறம் ஆபரேஷன் ஆச்சு. நல்லா இருக்கா, தையல் சொல்லித் தர்றா. கல்யாணம் மட்டும் ஆகலை. உன் சாவுக்கு வந்தவ உன் காலைத் தொட்டுக் கும்பிட்டா. நான் நீட்டின தண்ணியை வாங்கலை.

நாளைக்குக் காலையில அவ வீட்டுக்குப் போறேன். அண்ணி அழுவாங்க, எங்க வீட்டுக்காரரு கோவிச்சுப்பாரு. இருந்தாலும் போறேன். நான் உன்கிட்ட சொன்னதையும் சொல்லுவேன், நீ வந்தவாசிக்குப் போய் என் பேரைச் சொன்னதையும் சொல்லுவேன். அவ கதவைச் சாத்தினா, தெருவுல நின்னு நாலு பேர் கேக்கச் சொல்லிட்டு வருவேன். உன் பேர் கெடும், தெரியும். இத்தனை வருஷம் நான் கெட்ட பேரோடதானே இருந்தேன்.

இப்படிக்கு,
உன்னை எங்கேயும் அனுப்பாத உன் தங்கச்சி
சரசு