"எவன் பாக்கான்" என்றீர்களே, அப்பா!

என் செல்ல அப்பாவுக்கு,

சாலைக் கடைத்தெருவில், நம் கடையில் உங்கள் படத்துக்கு அம்மா இன்று முல்லைப்பூ போட்டாள். நான் போடவில்லை. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். போய்ச் சேர்ந்தவரிடம் கோபித்துக்கொள்ளக் கூடாதாம், அம்மா சொல்கிறாள். பின்னே யாரிடம் கோபித்துக்கொள்வது?

நான் ஆசைப்பட்ட கல்லூரியில் இயற்பியல் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் ஹார்ன் அடித்து "நம்ம காலேஜ்" என்று காட்டுவீர்களே, அதே கல்லூரிதான். பிளஸ் டூவில் வகுப்பிலேயே நான்தான் முதல். ஆனால் கேரளத்தில் பிளஸ் ஒன் மார்க்கையும் சேர்த்துத்தான் கூட்டுகிறார்கள். பாதிக்குப் பாதி. அது உங்களுக்குத் தெரியாதா?

பிளஸ் ஒன் பரீட்சை சமயத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"அத மூடி வை மக்களே. வள்ளியூர்ல நம்ம அக்கா மவன் பிளஸ் டூ மார்க்க வச்சுத்தான காலேஜ்ல சேந்தான்? பிளஸ் ஒன் மார்க்க எவன் பாக்கான்? சும்மா எழுதிட்டு வா" என்றீர்கள்.

வள்ளியூர் தமிழ்நாட்டில் இருக்கிறது அப்பா! இத்தனை வருஷம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தி, மலையாளத்தில் பேரம் பேசி, ஓணத்துக்குக் கடை வாசலில் பூக்கோலமும் போட்டவர் நீங்கள். பிள்ளை படிப்பு என்று வந்ததும் வள்ளியூர் அத்தைக்கா போன் போடுவீர்கள்? என் பள்ளிக்கூடம் கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு நடை போய்க் கேட்டிருக்கக் கூடாதா?

நீங்கள் போன பிறகு டீச்சர் கேட்டார்: "இம்ப்ரூவ்மென்ட் எழுதுந்நில்லே மோளே?" மறுபடி எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளலாம். "வேண்டா டீச்சர், அச்சன் பறஞ்ஞிட்டுண்டு" என்றேன். அப்பா சொல்லியிருக்கிறார் என்றதும் அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

கல்லூரி ஆபீஸில் ஒருவர் மார்க்கைப் பார்த்துவிட்டு, "பிளஸ் ஒண்ணில் எந்து பற்றி?" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்கிறார்.

"அச்சன் மரிச்சு போயி சார்."

"அது மார்க்கில் கூட்டான் பற்றில்லல்லோ மோளே."

அதைக் கூட்ட முடியாதாம். பின்னே எதற்குக் கேட்டார்?

ஆற்றிங்கலுக்கு அப்பால் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். "நம்ம காலேஜ்" என்றால் வகுப்பு விட்டதும் கடைக்கு வந்துவிடுவேன், அம்மா கொஞ்சம் உட்காரலாம். இனி இருட்டும்வரை அவள் தனியாகத்தான் நிற்க வேண்டும். முட்டி வீங்கியிருக்கிறது, வலிக்கவில்லை என்கிறாள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, ஆளுக்கொரு காதில் இயர்போன் வைத்து, நர்ஸ் வந்து திட்டும்வரை காமெடி பார்த்துச் சிரித்தோமே? விஷயம் தெரிந்திருந்தால் என்னைப் படிக்கச் சொல்லி வீட்டுக்கு விரட்டியிருப்பீர்கள். அந்தப் பரீட்சை மறுபடி வந்தாலும் நான் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் பக்கத்தில்தான் உட்காருவேன். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

இந்த முறை நானே நேரில் போய்க் கேட்டுவிட்டேன். எம்.எஸ்சி. சேர்க்கைக்கு எல்லா செமஸ்டர் மார்க்கும் சேருமாம். ஒன்றையும் சும்மா எழுத மாட்டேன். எம்.எஸ்சி.க்கு அந்த "நம்ம காலேஜ்" வாசலில் நுழைவேன். அன்றைக்கு உங்கள் படத்துக்கு நானே பூ போடுவேன் அப்பா. அதுவரை அம்மா போடட்டும்.

கோபம் தீராத உங்கள் மகள்,
செல்வி