கோவிச்சுக்கொண்டு கொழும்புக்கு வந்த உன்ரை அண்ணா

வெள்ளவத்தை

அன்புள்ள சாமினிக்கு,

நாங்கள் இஞ்சை சுகம், அப்பாவுக்கும் கால்நோவைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் மருமகனும் லண்டன் குளிருக்குள்ளை சுகமாய் இருக்க வயிரவர் துணை. போனிலை சொன்னால் பாதியிலை சிரிக்கத் தொடங்கிவிடுவாய், அதுதான் ஆறுதலாய் இருந்து எழுதிறன்.

உன்ரை அண்ணா தனஞ்சயன், வவுனியாவிலை அவ்வளவு பெரிய மாட்டுப்பண்ணையையும் பெண்சாதி றோஸியையும் விட்டிட்டு, ஒரு பையோடை எங்கடை வாசலிலை வந்து நிண்டான். என்னடா எண்டால் சும்மா எண்டான். சும்மா வாற ஆளே அவன்? உன்ரை கலியாணத்துக்கே பசு கண்டுக்குட்டி போடப்போகுது எண்டு பிந்தி வந்தவன். மெல்ல மெல்லக் கதையைக் கறந்தெடுத்தன். றோஸியை முதல் கலியாணம் முடிச்ச ரொஷான், தெரியுந்தானே, கொட்டாஞ்சேனையிலை அவளைத் தனிய விட்டிட்டு இத்தாலிக்குப் போய், கடைசியிலை விவாகரத்திலை முடிஞ்சது. அவன் இப்ப திரும்பி வந்து நேரை பண்ணைக்கே போயிருக்கிறான். அண்ணா பால் குடுத்திட்டு வந்து பார்த்தால், விறாந்தையிலை அவன் தேத்தண்ணி குடிக்கிறானாம், றோஸி முன்னாலை இருக்கிறாளாம். ஒரு வார்த்தை கேக்காமல் பஸ் ஏறிட்டார் எங்கடை வீரர்.

வந்தவன் எங்களை நித்திரை கொள்ளவிட்டானே? அப்பாவின்ரை கட்டிலிலை அவன், அப்பா நிலத்திலை பாயிலை. விடிய முன்னம் எழும்பி, கறக்க ஒண்டும் இல்லாமல் கடற்கரையிலை போய் நிப்பான். நான் பக்கற் பாலிலை போட்ட தேத்தண்ணியை மணந்து பார்த்து முகத்தைச் சுழிப்பான். றோஸி போன் எடுக்க எடுக்கக் கட் பண்ணிப்போட்டு, பிறகு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது பிள்ளை.

வெள்ளிக்கிழமை றோஸியே வந்திட்டாள். உள்ளுக்கு வா எண்டன், வரமாட்டன் மாமி எண்டு கதவடியிலையே நிண்டாள். பிறகு அண்ணாவைப் பார்த்து, திரும்பி வா எண்டு கேக்கத்தான் ரொஷான் வந்தவன், ஏலாது எண்டு சொல்லிப்போட்டுத்தான் அந்தத் தேத்தண்ணியைக் குடுத்தனான், அவன் ஒருக்கா என்னை விட்டிட்டுப் போனவன், இப்ப நீங்களும் ஒண்டும் கேக்காமல் போயிட்டியள், ரெண்டுபேரிலை ஆர் திறம் எண்டு நீங்களே சொல்லுங்கோ எண்டாள். குரல் உயரேல்லை. அப்பாகூட ரீவியை நிப்பாட்டிட்டார். அண்ணா கதவடிக்கு வந்து, நீ போயிடுவாய் எண்டு பயந்திட்டன் றோஸி, அதைப் பார்க்க ஏலாமல் நான் முந்திப் போயிட்டன் எண்டான். அப்பதான் அவளுக்குக் கண் கலங்கினது. அதோடை நிப்பாட்டினானே, செவலைப் பசு ஒழுங்காய்ப் பால் தருகுதோ எண்டு கேட்டான் பார், எனக்கு அடிக்கவேணும் போல இருந்தது. அவள் சிரிச்சிட்டாள்.

பின்னேர ரயிலிலை ரெண்டுபேரும் போயிட்டினம். அவளுக்குக் கோவம் முற்றாய் ஆறேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஸ்ரேஷனிலை அவன் கேட்டும் அவள் தன்ரை பையைக் குடுக்கேல்லை. ஆனால் பக்கத்திலைதான் இருந்தாள்.

நீ போன் எடுத்தால் அண்ணாவோடை மாட்டைப் பற்றி மட்டும் கதை. றோஸியோடை தனியக் கதை, அவளுக்கு ஆறுதலாய் இருக்கும். லண்டனுக்கு வாற சுபோதினி அன்ரியிட்டை மிளகாய்த்தூள் குடுத்துவிடுறன். நீங்கள் ரெண்டுபேரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கவேணும். அப்பா ஒண்டு கட்டாயம் எழுதச் சொன்னவர்: நீ கோவிச்சாலும் மருமகன் கோவிச்சாலும் ஆரும் இஞ்சை வரவேண்டாமாம், அங்கையே இருந்து கதைச்சு முடிக்கட்டாம், அவற்றை கட்டில் இப்பதான் அவருக்குத் திரும்பக் கிடைச்சிருக்காம்.

உன்ரை அம்மா,
கௌரி