சீமாட்டி இன்னும் குளத்தில் இறங்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் நீர்நாய்ச் சீமாட்டி உயிரோடு இருக்கிறாள், குறைந்துபோயிருந்த உடம்புச் சூடு கொஞ்சம் ஏறியிருக்கிறது. இன்று காலை விலங்குக் காட்சிசாலை டாக்டரம்மா போனில் சொன்னது இது. அப்பா சொல்வதை இப்போதைக்கு நம்புவதற்கில்லை, அவள் போய்விட்டதைப் போலத்தான் பேசுகிறார். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே உன் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

போனில் பாதி கேட்டு நீ அழுதாய், அதனால் வரிசையாகவே மெயிலில் எழுதுகிறேன். நீர்நாய்க் குளத்து மோட்டாரில் டீசல் கசிந்து அவள் உடம்பெல்லாம் அப்பிக்கொண்டது. அப்பா சோப்புப் போட்டுக் கழுவினார், அது சரியான வேலைதான். கழுவி முடித்ததும் அவள் அடுத்த குளத்தின் கதவைப் பிறாண்டிக் கத்தியிருக்கிறாள், குட்டியிலிருந்து வளர்த்த மனிதர், மனசு கேட்காமல் திறந்துவிட்டார். தக்கை மாதிரி மிதக்கிறவள், பின்பாதி அமிழ்ந்து மூக்கு மட்டும் மேலே தெரியத் தத்தளித்தாளாம். உடுப்போடு குதித்துத் தூக்கியிருக்கிறார். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "அந்த முடிதான் அதுக்கு ஸ்வெட்டர். அடிமுடிக்குள்ள காத்து நிக்கும், தண்ணி தோலைத் தொடவே தொடாது. நீங்க ஸ்வெட்டரைத் துவைச்சு, ஈரத்தோட மாட்டி, குளிர் தண்ணில விட்டுட்டீங்களே அண்ணா" என்றாராம். திட்டியிருந்தாலாவது தேவலை என்கிறார் இவர்.

இப்போது சூடு விளக்கின் கீழே கிடக்கிறாள், சாப்பிடவில்லை. அவளே நக்கி, துணியில் புரண்டு, முடியைப் பிரித்துக் காற்றை உள்ளே ஏற்றினால்தான் உண்டு, நாம் செய்து தர முடியாதாம். இன்று காலை முன்னங்காலை மட்டும் நக்கினாளாம். வீட்டுத் துண்டெல்லாம் அங்கே போய்விட்டது, உன் நீலக்கோடு போட்ட துண்டும்தான், கோபிக்காதே. முகம் துடைக்க ஒன்று கேட்டேன், "உனக்கென்ன, நீ தானா காஞ்சுடுவ" என்று சொல்லிவிட்டுப் போனார் உன் அப்பா. சிரித்தேன், அவருக்கு மூடிவைத்த சாப்பாடு அப்படியே இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

நீயும் தலைக்குக் குளித்த ஈரத்தோடு அந்தக் குளிரில் வெளியே போகாதே, உனக்கு மேலே போர்த்த அவ்வளவு முடி கிடையாது. ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு.

நாளைக் காலை அவள் முதுகில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கப் போகிறார்கள். முத்து முத்தாக உருண்டு விழுந்தால் பிழைத்தாள். உள்ளே ஊறினால் முடிக்குள் இன்னும் காற்று ஏறவில்லை என்று அர்த்தமாம். தண்ணீரை நான் வந்துதான் ஊற்ற வேண்டுமாம், அப்பா குவளையைத் தொடவே மாட்டேன் என்கிறார். ஊற்றிவிட்டு அங்கிருந்தே கூப்பிடுகிறேன், போனைப் பக்கத்திலேயே வைத்திரு.

உன் அம்மா